துருவ மேகத்தில் லிட்டருக்கு ஒரு படிகம்

ஆர்க்டிக் கடற்பனியின் மேல் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை. அந்த நாட்களில் பனித்தரை எவ்வளவு குளிரும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு வரவு செலவுதான்: தரை மேல்நோக்கி வீசும் அகச்சிவப்புக் கதிர்வீச்சு செலவு, வானம் கீழ்நோக்கித் தருவது வரவு. மைனஸ் 23 டிகிரி செல்சியஸில் இருக்கும் பனித்தரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 220 வாட் வீசுகிறது. மேகமற்ற வறண்ட துருவ வானத்தால் அதை முழுவதும் ஈடுகட்ட முடிவதில்லை. தரை தொடர்ந்து குளிர்கிறது.

1997 அக்டோபர் தொடங்கி ஓராண்டுக் காலம், தே கிரோசெலியே என்ற கனடியப் பனியுடைப்புக் கப்பலை போஃபோர்ட் கடலின் பனியில் சிக்கவிட்டு, அதனோடு மிதந்தபடியே இந்த வரவு செலவை ஷீபா ஆய்வுத் திட்டத்தினர் அளந்தார்கள். குளிர்கால அளவீடுகளைப் பின்னர் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, அவை ஒரு சராசரியைச் சுற்றிக் குவியவில்லை. இரண்டு தனித்தனிக் குவியல்களாகப் பிரிந்து கிடந்தன. ஒன்றில், தரை சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் இழந்துகொண்டிருந்தது. மற்றொன்றில் இழப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. இடைப்பட்ட நிலைகள் அரிதாகவே வந்தன. மேகம் இருந்த நாட்கள், இல்லாத நாட்கள் என்று இவற்றைப் பிரித்துவிடத் தோன்றும். ஆனால் முதல் குவியலில் மேகம் இருந்த நேரங்களும் உண்டு. அம்மேகங்கள் மெல்லிய பனிப்படிக மேகங்கள். இரண்டாவது குவியலில் இருந்தவை, மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் உறையாத நீர்த்துளிகளைக் கொண்ட மேகங்கள்.

இத்துறையைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. துருவ மேகத்தின் கதிர்வீச்சைப் பொறுத்தவரை, பனிப்படிகம் தானாகச் செய்யும் வேலையைவிட, தன்னைச் சுற்றியுள்ள நீரை இல்லாமற் செய்யும் வேலையே பெரிது. லிட்டர் காற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்ற எண்ணிக்கையில் இருக்கும் படிகங்கள், அதே லிட்டரில் இருக்கும் பல்லாயிரம் துளிகளின் ஆயுளை முடிவு செய்கின்றன. அது எப்படி என்று விளங்க, முதலில் அந்தத் துளிகள் ஏன் உறையாமல் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நீர் பூச்சியம் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படிக்கிறோம். பனிக்கட்டி பூச்சியம் டிகிரியில் உருகும் என்பதே பிழையற்ற கூற்று. உறைதல் அத்தனை ஒழுங்காக நடப்பதில்லை. நீர் அந்த வெப்பநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கக்கூடும் என்பதை ஃபாரன்ஹீட் 1724இலேயே எழுதி வைத்திருக்கிறார். நீர் மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்குபெற்று ஒரு நுண்ணிய படிகக் கருவாக அமையலாம். ஆனால் அக்கரு மிகச் சிறியதாக இருக்கும்வரை, அதன் புறப்பரப்பை உருவாக்க ஆகும் ஆற்றல், உட்பகுதி படிகமாவதால் கிடைக்கும் ஆதாயத்தைவிட மிகுதி. ஆகவே அது அமைந்த வேகத்திலேயே கலைந்துவிடுகிறது. சில நானோமீட்டர் அளவுள்ள ஒரு வரம்பைத் தாண்டிய கருவே நிலைத்து வளரும். வெப்பநிலை குறையக் குறைய இந்த வரம்பும் சிறுத்துக்கொண்டே வருகிறது. சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள தூய மேகத்துளியில் மைனஸ் 38 டிகிரியை நெருங்கும்போதுதான், வெளித்துணை எதுவுமின்றித் தற்செயலாக அந்த வரம்பைத் தாண்டுவது சில நொடிகளுக்குள் நடக்கக்கூடியதாகிறது. அதற்குக் கீழே மேகத்தில் திரவ நீருக்கு இடமில்லை. ஆர்க்டிக்கின் தாழ் மேகங்களும் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தெற்குப் பெருங்கடலின் தாழ் மேகங்களும் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலே, பூச்சியத்துக்கும் மைனஸ் 38க்கும் இடைப்பட்ட நீண்ட பிரதேசத்தில் வாழ்கின்றன.

அந்த இடைப்பட்ட பிரதேசத்தில் துளி உறைய வேண்டுமானால் அதற்கு ஓர் அந்நியப் பொருளின் உதவி தேவை. நீர் மூலக்கூறுகள் படிக ஒழுங்கில் அமர இடம் தரும் திண்மத் துகளை உறைகரு என்று இங்கே அழைக்கிறேன். துகள் துளிக்குள் மூழ்கியிருந்தும் உறைதலைத் தொடக்கலாம், வெளியிலிருந்து துளியைத் தொட்டும் தொடக்கலாம், நீராவி நேரடியாகத் துகளின்மேல் பனியாகப் படியவும் செய்யலாம். தாழ் துருவ மேகங்களில் முதல் வழியே முதன்மையானது. எல்லாத் தூசியும் இதற்குப் பயன்படாது. கடலுப்பு மேகத்துளி உருவாக உதவும், ஆனால் கரைந்துவிடுவதால் உறைதலுக்குத் துணை நிற்காது. பாலைவனத் தூசியில் உள்ள கனிமங்களுள் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் திறன் மிக்கது. அது பெரும்பாலும் மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே வேலை செய்கிறது. அதைவிட இளஞ்சூட்டில், மைனஸ் 10 டிகிரிக்கு மேலேயே உறைய வைப்பவை உயிர்ப்பொருட்கள். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் புறச்சவ்விலுள்ள புரதம் மைனஸ் 2 டிகிரியளவிலேயே நீரை உறைய வைத்துவிடும். கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிரிகளின் கழிவும் சிதைவும், அலை உடையும்போது நுரைக்குமிழிகளோடு காற்றில் ஏறி, நிலத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள மேகங்களுக்கும் உறைகருவாகின்றன.

இவற்றின் எண்ணிக்கைதான் வியப்பூட்டுவது. மைனஸ் 20 டிகிரியில் லிட்டருக்கு ஒன்று என்பது உலகப் பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. தெற்குப் பெருங்கடலின் மேல் அதில் பத்திலொரு பங்கும் நூறிலொரு பங்கும்கூட அளக்கப்பட்டுள்ளன. அதே மேகத்தில் கன சென்டிமீட்டருக்கு 50 துளிகள் இருப்பதாகக் கொண்டால், லிட்டருக்கு 50,000 துளிகள். ஐம்பதாயிரத்தில் ஒன்று உறைகிறது; மற்றவை உறைவதற்கான குளிர் இருந்தும் திரவமாகவே மிதக்கின்றன.

உறைந்த அந்த ஒன்று சும்மா இருப்பதில்லை. 1922 பிப்ரவரியில் ஓஸ்லோவுக்கு அருகிலுள்ள மலைச்சரிவில் தங்கியிருந்த சுவீடிய வானிலை ஆய்வாளர் தோர் பெர்யரோன், ஊசியிலைக் காட்டுப் பாதையில் உலவும்போது ஒன்றைக் கவனித்தார். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலிருந்த நாட்களில் மூடுபனி மரங்களுக்கிடையே தரைவரை இறங்கியது. மைனஸ் 5 முதல் மைனஸ் 10 டிகிரி வரை இருந்த நாட்களிலோ, மூடுபனி காட்டின் உச்சியோடு நின்றுவிட, பாதை தெளிவாக இருந்தது. மரக்கிளைகளில் படிந்திருந்த உறைபனி நீராவியை இழுத்துக்கொள்ள, அந்த இழப்பை ஈடுகட்ட மூடுபனித் துளிகள் ஆவியாகி மறைந்துவிட்டன என்று அவர் காரணம் கண்டார். அடிப்படைக் கருத்தை ஆல்ஃபிரட் வெகனர் 1911இலேயே எழுதியிருந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வெகனர்தான். 1938இல் வால்டர் ஃபிண்டைசன் இதை மேலும் வளர்த்தெடுத்ததால், மூவர் பெயரும் இந்நிகழ்வுக்கு உரியதாயிற்று.

இயக்கம் எளிமையானது. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் நீரில் இருப்பதைவிட இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், ஒரே வெப்பநிலையில் பனிக்கட்டியின் மேல் நிலைபெறும் நீராவி அழுத்தம், மீக்குளிர்ந்த நீரின், அதாவது உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே இருக்கும் நீரின், மேல் நிலைபெறுவதைவிடக் குறைவு. மைனஸ் 15 டிகிரியில், நீருக்குச் சரியாக நிறைவுற்றிருக்கும் காற்று, பனிக்கட்டியின் கணக்கில் சுமார் 16 விழுக்காடு மிகைநிறைவுற்றிருக்கும், அதாவது அந்த அளவுக்கு நீராவி கூடுதலாக இருக்கும். துளிகள் நிறைந்த மேகத்துக்குள் பிறக்கும் படிகம் ஆகவே தொடக்கத்திலிருந்தே மிகைநிறைவில் வாழ்கிறது. அது நீராவியை உண்டு வளர, காற்றின் ஈரம் நீரின் நிறைவுநிலைக்குக் கீழே இறங்க, துளிகள் ஆவியாகின்றன. துளியும் படிகமும் ஒன்றையொன்று தொடவே வேண்டியதில்லை. பரிமாற்றம் முழுவதும் இடையிலுள்ள காற்றின் வழியே நடக்கிறது.

வளரும் படிகம் என்ன வடிவம் எடுக்கும் என்பது பெரும்பாலும் வெப்பநிலையையும் ஈரத்தையும் பொறுத்தது. ஹொக்கைடோவில் பணியாற்றிய நாகாயா உகிசிரோ 1936இல் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை ஆய்வகத்தில் வளர்த்து, எந்தச் சூழலில் எந்த வடிவம் என்பதை வரைபடமாகவே தொகுத்தார். உறைநிலைக்குச் சற்றுக் கீழே மெல்லிய தட்டுகள். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகளும் தூண்களும். மைனஸ் 15ஐ ஒட்டி ஆறு கிளைகள் விரிந்த, படங்களில் நாம் பார்த்துப் பழகிய நட்சத்திரம். அதற்கும் கீழே மறுபடி தட்டுகளும் தூண்களும், கடுங்குளிரில் ஒரு மையத்திலிருந்து பல திசைகளில் தூண்கள் நீட்டிய கொத்துகளும். இது அழகியல் செய்தி மட்டுமாக இருந்திருந்தால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். வடிவத்தைப் பொறுத்தே படிகம் விழும் வேகமும், நீராவியை ஈர்க்கும் பரப்பும், ஒளியைச் சிதறடிக்கும் திசையும் மாறுகின்றன. மைனஸ் 15 டிகிரியில் விரியும் கிளைகள் நீராவியை மிக விரைவாகப் பறிக்கின்றன. அதே எண்ணிக்கையிலான தட்டையான தட்டுகளுக்கு அந்த வேகம் இல்லை.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. பல மேகங்களில் படிகங்கள், அங்குள்ள உறைகருக்களைவிடப் பத்து மடங்கும் நூறு மடங்கும் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஜான் ஹாலெட், ஸ்டான்லி மாசப் இருவரும் 1974இல் காட்டிய வழி இதற்கொரு விளக்கம்: மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரிக்குள், விழும் பனித்துண்டின் மேல் துளிகள் மோதி உறையும்போது நுண்ணிய சில்லுகள் தெறிக்கின்றன, ஒவ்வொரு சில்லும் ஒரு புதிய படிகம். பெரிய துளிகள் உறையும்போது வெடித்துச் சிதறுவதும், கிளைத்த படிகங்கள் மோதி முறிவதும் வேறு வழிகள். எது எங்கே எவ்வளவு என்பதில் இன்னும் உடன்பாடில்லை. ஹாலெட், மாசப் காட்டிய நிகழ்வின் இயற்பியல் காரணம்கூட இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. பழைய விமான அளவீடுகளில் இருந்த ஒரு கோளாறும் குழப்பத்தைக் கூட்டியது. கருவியின் முனையிலேயே பெரிய படிகங்கள் மோதி உடைந்து, அந்தத் துணுக்குகளும் மேகத்தின் படிகங்களாக எண்ணப்பட்டுவிட்டன. முனைகளின் வடிவத்தை மாற்றியமைத்த பிறகு எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. எனவே 2000களுக்கு முந்தைய படிக எண்ணிக்கைகளை, குறிப்பாகச் சிறு படிகங்களைப் பற்றியவற்றை, நான் சற்றுத் தயக்கத்தோடுதான் வாசிக்கிறேன்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், படிகம் தோன்றிய மேகம் சில மணி நேரத்தில் முற்றிலும் பனியாகி விழுந்து தீர்ந்துவிட வேண்டும். ஆர்க்டிக்கில் நடப்பது அதுவன்று. சில நூறு மீட்டர் தடிப்புள்ள ஒரு மேகம், உச்சியில் திரவத் துளிகளோடும் அடியில் ஓயாது உதிரும் பனிப்படிகங்களோடும், நாள் கணக்கில் அப்படியே நீடிக்கிறது. இயற்பியல் விதிப்படி நிலையற்ற ஒரு கலவை, நடைமுறையில் ஏன் இவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதே துருவ மேக ஆய்வின் மையக் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

விடையின் பெரும்பகுதி கதிர்வீச்சிலேயே இருக்கிறது. துளிகள் நிறைந்த மேக உச்சி, வறண்ட வானத்தை நோக்கி அகச்சிவப்புக் கதிரைத் தங்குதடையின்றி வீசுகிறது. உச்சியிலுள்ள மெல்லிய அடுக்கு நாளொன்றுக்கு 50 டிகிரியையும் தாண்டக்கூடிய வீதத்தில் வெப்பம் இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே அமிழ, கீழேயுள்ள ஈரக்காற்று மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்ந்து, படிகங்கள் பறித்த நீராவிக்கு ஈடாகப் புதிய துளிகளை உண்டாக்குகிறது. மற்ற இடங்களில் தாழ் மேகத்துக்கு மேலே வறண்ட காற்று இருக்கும். ஆர்க்டிக்கிலோ மேகத்துக்கு மேலே ஈரம் கூடுதலாக இருப்பது அடிக்கடி நிகழ்வது, எனவே உச்சியிலிருந்தும் மேகத்துக்கு ஈரம் கிடைக்கிறது. படிகமோ வளர வளரக் கனமாகி விழுந்துவிடுகிறது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் விழும் படிகம் 500 மீட்டர் அடுக்கைக் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். அதற்குமேல் அதனால் அந்த மேகத்தைக் கொள்ளையிட முடியாது. விழும்போது தன் உறைகருவையும் உடன் கொண்டுபோய்விடுவதால், மேகத்தில் உறைகருப் பஞ்சம் மேலும் கூடுகிறது.

ஆகவே இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவது படிகங்களின் பற்றாக்குறையே. எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் இழப்பு ஈடுகட்டும் வேகத்தை மிஞ்சிவிடும், துளிகள் குறையும், துளிகள் குறைந்தால் உச்சியின் குளிர்ச்சி குறையும், குளிர்ச்சி குறைந்தால் கீழிருந்து ஏறும் காற்று ஓயும், அதோடு புதிய துளிகளும் நின்றுபோகும். சரிவு தொடங்கிவிட்டால் அது தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்கிறது. ஷீபா அளவீடுகளில் இடைப்பட்ட நிலை அரிதாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

நீர் பனியாவதால் கதிர்வீச்சு ஏன் இவ்வளவு மாற வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடலாம். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஆயிரம் துளிகளின் நீரை எடுத்து 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரே உருண்டையாக்கினால், நிறை மாறாது. ஆனால் கதிரை மறிக்கும் குறுக்குப்பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். படிகம் உருண்டையன்று என்பதால் எண் சற்று மாறும், போக்கு மாறாது. அந்தப் பெரிய படிகம் விரைவில் விழுந்தும் விடுவதால், மேகத்தில் எஞ்சும் நிறையும் குறைகிறது. பரப்பு, நிறை இரண்டுமே குறைவதால், பனியாகிவிட்ட மேகத்தின் வழியே தரையின் வெப்பம் எளிதில் தப்பிச் செல்கிறது. மறுபுறம், திரவ மேகம் அகச்சிவப்பில் முழுக்க ஒளிபுகாததாக மாற, சதுர மீட்டருக்கு 30 முதல் 50 கிராம் நீரே போதும். 30 கிராம் நீரைச் சதுர மீட்டர் பரப்பில் ஊற்றிப் பரப்பினால் அதன் ஆழம் 0.03 மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய நீர், துளிகளாகப் பிரிந்து நிற்கும்போது தரைக்கு ஒரு முழுப் போர்வையாகிவிடுகிறது.

சூரியன் திரும்பி வந்ததும் கணக்கு சிக்கலாகிறது. மேகம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பித் தரையைக் குளிர்விக்கவும் செய்யும். ஆனால் கீழே இருப்பது புதுப்பனி என்றால் அது ஏற்கெனவே 80 விழுக்காட்டுக்கு மேல் ஒளியைத் திருப்பிக்கொண்டிருக்கிறது, மேகம் கூடுதலாகத் தடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் ஷீபா முகாமில், நடுக்கோடையின் குறுகிய காலம் தவிர ஆண்டின் பெரும்பகுதியில் மேகங்கள் தரையைச் சூடாக்கவே செய்தன. 2012 ஜூலையில் கிரீன்லாந்தில் நடந்தது இதன் கூர்மையான எடுத்துக்காட்டு. ஜூலை 12 அன்று பனிப்பரப்பின் 97 விழுக்காடு மேற்பரப்பில் உருகியதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,200 மீட்டர் உயரத்திலுள்ள சம்மிட் ஆய்வு நிலையமும் தப்பவில்லை. அங்கே அதற்கு முந்தைய உருகல் 1889இல் நிகழ்ந்ததாக, ஆழத் துளையிட்டு எடுத்த பனிக்கட்டித் தண்டுகள் சொல்கின்றன. இளஞ்சூடான காற்று வந்து சேர்ந்தது முதற்காரணம். ஆனால் சம்மிட்டில் வெப்பநிலையை உருகுநிலைக்கு மேலே தள்ளியவை, சதுர மீட்டருக்கு 10 முதல் 40 கிராம் வரை மட்டுமே நீர் கொண்ட மெல்லிய திரவ மேகங்கள் என்று அங்கிருந்த கருவிகளின் பதிவுகள் காட்டின. இதைவிடத் தடித்திருந்தால் சூரிய ஒளியை மறித்திருக்கும். இதைவிட மெலிந்திருந்தால், அல்லது அந்த நீர் பனியாகிவிட்டிருந்தால், தரையின் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்காது.

பனிப்படிகத்தின் சொந்த ஒளியியலைப் புறக்கணித்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உருண்டைத் துளி தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறடிக்கிறது. கோணல்மாணலான, சொரசொரப்பான முகங்கள் கொண்ட படிகம் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் சற்றுக் கூடுதலாக அனுப்புகிறது. எனவே ஒளித்தடிப்பு, அதாவது ஒளியை மறிக்கும் அளவு, ஒன்றாக இருக்கும் இரு மேகங்களில், பனி மேகம் சூரிய ஒளியைச் சற்று மிகுதியாகத் திருப்பும். துருவக் கணினி மாதிரிகளில் படிகங்களை உருண்டைகளாகக் கொண்டு கணக்கிட்ட காலம் ஒன்று இருந்தது. அதன் பிழை சிறியதன்று. தட்டுப் படிகங்கள் விழும்போது கிடைமட்டமாகவே நிலைகொள்வதால் சூரியனின் இருபுறமும் பொய்ச்சூரியன்கள் தெரிகின்றன. படிகத்தின் அறுகோண வடிவத்தால் 22 டிகிரி ஒளிவட்டம் தோன்றுகிறது.

இந்த உருண்டை, உருண்டையின்மை என்ற வேறுபாடே மேகத்தின் நிலையைக் கண்டறியும் வழியாகவும் ஆயிற்று. லிடார் கருவி ஒரே தளத்தில் அதிரும் லேசர் ஒளியை மேலே அனுப்புகிறது. உருண்டைத் துளியிலிருந்து நேர் பின்னோக்கித் திரும்பும் ஒளி அதே தளத்தில் அதிர்கிறது. படிகத்தின் உள்முகங்களில் பட்டுத் திரும்பும் ஒளியில் அந்தத் தளம் கலைந்துவிடுகிறது. ராடாரோ பெரிய துகள்களையே மிகுதியாகப் பார்க்கும்; விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து அதன் எதிரொலி கூடுவதால், லட்சம் துளிகளுக்கு நடுவே இருக்கும் சில படிகங்கள்தாம் அதற்குத் தெரியும். இரண்டையும் ஒருசேர இயக்கினால், மேலே துளியடுக்கும் கீழே உதிரும் பனியும் தனித்தனியே தெரிகின்றன. 2006 ஏப்ரலில் ஒரே ஏவூர்தியில் சென்ற கிளவுட்சாட், கலிப்சோ என்ற இரு செயற்கைக்கோள்கள் இதை விண்ணிலிருந்து செய்தன. வெண்பனியின் மேல் வெண்மேகத்தை, அதுவும் தரையும் மேகமும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது, சாதாரணப் படக்கருவியால் பிரித்தறிய முடியாமல் தவித்த ஆய்வாளர்களுக்கு அது பெரும் விடுதலை.

அண்டார்க்டிகாவின் உட்பீடபூமியில் நிலைமை தலைகீழானது. அங்கே குளிர்காலத்தில் தரை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போகும். திரவ நீருக்கு அந்தப் பருவத்தில் பெரிதும் வாய்ப்பில்லை. மேகமே இல்லாத வானிலிருந்து வைரத்தூள் எனப்படும் நுண்படிகங்கள் மின்னியபடி உதிர்வது அன்றாட நிகழ்வு. தரையை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்தும், சில நூறு மீட்டருக்கு மேலே அதைவிட 20 டிகிரி வரை வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேகம் தரையைவிடச் சூடானதாக இருக்கிறது. அத்தகைய மேகம் விண்ணுக்குச் செல்லும் கதிர்வீச்சைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவும் கூடும். மேகம் மேலே செல்லும் வெப்பத்தைத் தடுக்கும் என்ற பொதுவிதிக்கு இவ்வளவு தெளிவான விலக்கு பூமியில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இத்தகைய குளிரில்தான் படிகத்தின் சொந்தப் பண்புகள் முன்னிலைக்கு வருகின்றன. மைனஸ் 23 டிகிரியில் உள்ள பொருள் வீசும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டது 15 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட நெடிய அலைநீளங்களில், அதாவது தொலை அகச்சிவப்பில் செல்கிறது. ஈரம் மிகுந்த மற்றப் பகுதிகளில் நீராவி அந்த அலைநீளங்களை முழுவதும் விழுங்கிவிடும். வறண்ட துருவக் காற்றிலோ அங்கே சன்னல்கள் திறக்கின்றன. 20 மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டிய பகுதியில் பனிக்கட்டி கதிரை உறிஞ்சுவது குறைந்து, சிதறடிப்பது மேலோங்குகிறது. ஆகவே படிகத்தின் அளவும் வடிவமும், எவ்வளவு வெப்பம் தப்புகிறது என்பதை நேரடியாகவே மாற்றுகின்றன. பல வானிலை மாதிரிகள் நெட்டலைக் (அகச்சிவப்புக்) கதிர்வீச்சில் சிதறலைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வெப்பமண்டலத்தில் அந்தச் சுருக்கம் பொறுத்துக்கொள்ளத்தக்கது, துருவத்தில் அப்படியன்று. இந்த அலைநீளங்களைத் துருவங்களின் மேல் முறையாக அளக்கவென்றே நாசா 2024இல் பிரிஃபையர் என்ற பெயரில் இரண்டு சிறிய செயற்கைக்கோள்களை அனுப்பியது. இவ்வளவு தாமதமாகவா என்று கேட்கத் தோன்றுகிறது. குளிரூட்டாமலே இயங்கும் சிறிய உணரிகள் இல்லாதவரை அது செலவு மிகுந்த வேலை என்பதே அதற்குரிய பதில்.

மாதிரிகளின் இன்னொரு குறை இதைவிடப் பரவலான விளைவு உடையது. பழைய மாதிரிகள் பலவற்றில் மேகநீர் மிக எளிதில் பனியாகிவிடும்படி விதிகள் இருந்தன. சிலவற்றில் வெப்பநிலையை மட்டும் பார்த்து, இவ்வளவு நீர், இவ்வளவு பனி என்று பங்கிட்டுவிடுவார்கள். விளைவாக, தெற்குப் பெருங்கடலின் மேல் உண்மையில் மீக்குளிர்ந்த நீரால் நிறைந்து ஒளிரும் மேகங்கள், கணினியில் மெலிந்த பனி மேகங்களாயின. கடல் உள்ளதைவிடக் கூடுதலாகச் சூரிய ஒளியை உறிஞ்சுவதாகக் கணக்கு வந்தது. எதிர்காலக் கணிப்பிலும் இது புகுந்தது. பூமி சூடாகும்போது பனி மேகம் நீர் மேகமாக மாறினால் அது சூரிய ஒளியைக் கூடுதலாகத் திருப்பி ஒளிரும், அதனால் சூடாதல் சற்று மட்டுப்படும். ஆனால் தொடக்கத்திலேயே மேகத்தில் பனி குறைவென்றால், மாறுவதற்கே அதிகம் இல்லை. அந்தத் தணிப்பும் சிறிதுதான். செயற்கைக்கோள் காட்டிய நீர் விகிதத்துக்கு ஒத்துப்போகும்படி ஒரு மாதிரியைத் திருத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், கார்பன் டை ஆக்சைடு இருமடங்காகும்போது எதிர்பார்க்கப்படும் வெப்ப உயர்வு ஒரு டிகிரியோ அதற்குச் சற்று மேலோ கூடியது. ஒரு மாதிரியின் விடையை உலகத்தின் விடையாகக் கொள்ளக் கூடாது. எனினும் லிட்டருக்கு எத்தனை உறைகரு என்ற கேள்வி எவ்வளவு தொலைவு சென்று தைக்கிறது என்பதற்கு அது போதுமான சான்று.

உறைகருக்களின் வரவும் மாறிவருகிறது. 2019 இலையுதிர்காலம் முதல் ஓராண்டு போலார்ஸ்டெர்ன் கப்பல் ஆர்க்டிக் பனியோடு மிதந்த மோசாயிக் பயணத்தில் சேகரிக்கப்பட்ட காற்று மாதிரிகளில், இளஞ்சூட்டிலேயே செயல்படும் உறைகருக்கள் கோடையில் உச்சத்தைத் தொட்டன. அவை பெரும்பாலும் திறந்த கடல்நீரின் உயிர்களிலிருந்து வந்தவை. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் பனியாறுகள் பின்வாங்கிய இடங்களில் எஞ்சும் வண்டல் தூசியும், அதில் கலந்துள்ள சிறிதளவு உயிர்ம எச்சத்தால், வெறும் கனிமத் தூசியைவிட உயர்ந்த வெப்பநிலையில் நீரை உறைய வைக்கிறது. கடற்பனி குறையும்போது திறந்த நீரிலிருந்து மேகத்துக்குக் கூடுதல் ஈரம் கிடைக்கும். அது துளிகளைப் பெருக்கும். அதே திறந்த நீரும் வெறுந்தரையும் கூடுதல் உறைகருக்களை அனுப்பும். அவை துளிகளைக் கரைக்கும். இரண்டும் ஒரே மாதங்களில், குறிப்பாகக் கடல் மறுபடி உறையத் தொடங்க வேண்டிய இலையுதிர்காலத்தில் வந்து சேர்கின்றன. அப்போது மேகம் திரவமாகவே நீடித்தால் தரையின் வெப்ப இழப்பு நின்று, கடல் உறைவது தள்ளிப்போகும். படிகங்கள் பெருகி மேகம் உதிர்ந்துவிட்டால், சதுர மீட்டருக்குச் சில பத்து வாட் வீதம் வெப்பம் மறுபடி விண்ணுக்குத் தப்பத் தொடங்கும்.